கட்டப்படாத அணையும் இரண்டு நடைப் பயணங்களும்
– யவப்பாய் மக்களின் வரலாறும் வாழ்வும் –

"யவப்பாயா? அது என்ன பாய்? பன் பாயா, ஓலைப் பாயா?"

இந்தக் கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது மேசையை எட்டிப் பார்த்த என் தம்பி கேட்ட கேள்வி இது. உம்மாவும் வாப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன்னர் எனக்கும் அந்தச் சொல் தெரியாது என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

புவியியல் பாடத்துக்காக 'ஆறுகளும் அணைகளும்' என்ற தலைப்பில் ஓர் ஒப்படை செய்ய வேண்டியிருந்தது. அணையின் பெயர், நாடு, ஆறு, கட்டிய ஆண்டு, பயன் என ஐந்து நிரல்களைக் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தேன். தேடிக்கொண்டு போனபோது 'ஓர்ம் அணை' என்றொரு பெயர் எதிர்ப்பட்டது. நாடு தெரிந்தது, ஆறும் தெரிந்தது. கட்டிய ஆண்டு என்ற இடத்தில் எழுதத்தான் எதுவும் இல்லை. ஏனென்றால் அந்த அணை கட்டப்படவே இல்லை. அரசாங்கம் தீர்மானித்த அந்த அணையைக் கட்ட விடாமல் செய்தவர்கள், சில நூறு பேரை மட்டுமே கொண்ட ஒரு சிறு சமூகத்தினர். அவர்கள்தாம் யவப்பாய் மக்கள்.

சில நூறு பேரால் இது எப்படி முடிந்தது? இந்தக் கேள்விதான் என்னை ஒப்படையை விட்டு வெகு தூரம் இழுத்துச் சென்றது. நான் அறிந்துகொண்டதைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

யார் இவர்கள்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் அரிசோனா என்ற மாநிலம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் பாலைவனமும் கள்ளிச் செடிகளும் நினைவுக்கு வரும். அது பாதி உண்மைதான். மாநிலத்தின் நடுப்பகுதியில் பைன் மரக் காடுகள் அடர்ந்த மலைகள் உண்டு. பனி பெய்யும் உச்சிகள் உண்டு. செந்நிறப் பாறைகளுக்கிடையே ஓடும் ஓடைகளும் உண்டு. அந்த மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் ஆறுகளில் ஒன்று வெர்டே. ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பச்சை' என்று பொருள். இந்த ஆற்றின் இரு மருங்கிலும், மேற்கே கொலராடோ ஆற்றை நோக்கிப் பரந்து கிடக்கும் வறண்ட வெளிகளிலும் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் யவப்பாய் மக்கள். அவர்கள் நடமாடிய நிலப்பரப்பு நம் இலங்கையின் பாதியை விடப் பெரியது.

தம்பியின் கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. அவர்களுடைய மொழியில் 'பாய்' என்றால் மக்கள். 'யவப்பாய்' என்பதற்குக் 'கதிரவனின் மக்கள்' எனப் பொருள் கூறுவாரும் உளர். அயலில் வாழும் ஹுவாலப்பாய், ஹவசுப்பாய் ஆகிய இனத்தவரின் பெயர்களிலும் இதே ஒலி கேட்கிறது. இம்மூவரின் பேச்சும் யூமன் என்ற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

யவப்பாய் மக்களிடையே நான்கு பிரிவுகள் இருந்தன. தென்கிழக்கில் கெவெவ்கபாயா, மேற்கில் டொல்கபாயா, வடகிழக்கின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் விபுகெபா, வடமேற்கில் யவெபே. நான்கு பிரிவினருக்கும் சேர்த்து ஓர் அரசரோ ஒரு தலைநகரமோ இருக்கவில்லை. சில குடும்பங்கள் கூடி ஒரு குழுவாக வாழும். அனுபவமும் நற்குணமும் உள்ளவரின் சொல்லுக்கு அக்குழு மதிப்பளிக்கும். அவ்வளவுதான் அவர்களுடைய ஆட்சி முறை.

தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதற்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. வெர்டே பள்ளத்தாக்கில் சுண்ணக்கற் பாறை இடிந்து உருவான, குளம் போன்ற ஓர் ஆழமான நீர்நிலை இருக்கிறது. அதன் அடியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் கலன் நீர் ஊற்றெடுத்து வெளியேறுகிறது. முதல் மனிதர்கள் அங்கிருந்துதான் மேலே வந்தார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் அங்கிருந்தே பெருவெள்ளம் பொங்கியது. உணவோடு ஓர் உட்குடைந்த மரத்துள் வைத்து அடைக்கப்பட்ட ஒரு பெண் மட்டும் மிதந்து சென்று, இன்று செடோனா என அழைக்கப்படும் செம்பாறை நாட்டில் கரை சேர்ந்தாள். கமலாபுக்வியா என்ற அந்தப் பெண்ணே யவப்பாய் மக்கள் அனைவருக்கும் மூத்த தாய். வெள்ளக் கதை என்றதும் நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பல்தான் என் நினைவுக்கு வந்தது. ஒன்றையொன்று அறியாத எத்தனையோ மக்களிடம் வெள்ளத்தின் நினைவு இருப்பது வியப்பாக இருக்கிறது.

பருவத்தோடு நடந்த வாழ்க்கை

யவப்பாய் மக்கள் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கியிருந்தவர்கள் அல்லர். எந்தக் காலத்தில் எந்த மலையில் என்ன விளையும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கோடையில் தாழ்நிலத்துக்கு இறங்கி சகுவாரோ என்னும் உயர்ந்த கள்ளி மரத்தின் பழங்களைப் பறிப்பார்கள். மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்குவார்கள். இலையுதிர் காலத்தில் மேட்டு நிலத்துக்கு ஏறி ஓக் மரக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் சேகரிப்பார்கள். மானும் முயலும் வேட்டையாடுவார்கள். நீர் கிடைக்கும் இடங்களில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவதும் உண்டு.

அவர்களுடைய முக்கிய உணவு அகேவ் என்ற ஒருவகைக் கற்றாழை. அதன் இலைகளை வெட்டி நீக்கிவிட்டு நடுப்பகுதியை எடுப்பார்கள். நிலத்தில் குழி தோண்டி, கற்களை அடுக்கிச் சூடாக்கி, அதன்மேல் கற்றாழையை வைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று நாட்கள் அப்படியே வெந்த பின் தோண்டி எடுத்தால் இனிப்பான உணவு கிடைக்கும். அதனைத் தட்டையாகத் தட்டி வெயிலில் காய வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தடிகளை வளைத்து நட்டு, புல்லாலும் மரப்பட்டையாலும் மூடிய குடிசைகளே அவர்கள் வீடுகள். குளிர்காலத்தில் மலைக் குகைகளும் வீடாகும்.

இப்படி நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு மண்பாண்டம் பாரம். விழுந்தால் உடைந்தும் போகும். ஆகவே கூடைதான் அவர்களுடைய பாத்திரம், பெட்டி, தொட்டில் எல்லாமே. வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளைப் பிளந்து பெண்கள் கூடை பின்னுவார்கள். கொக்கி போன்ற காயுள்ள ஒரு செடியிலிருந்து எடுக்கும் கறுப்பு நாரால் அதில் நட்சத்திரமும் மனித உருவமும் விலங்குகளும் தோன்றச் செய்வார்கள். முதுகில் சுமந்து செல்லும் பெரிய கூடையும் உண்டு. அந்தச் சுமைக் கூடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அது மீண்டும் வரும்.

பிழையாக எழுதப்பட்ட பெயர்

1583 ஆம் ஆண்டில் அன்டோனியோ டி எஸ்பேஹோ என்ற ஸ்பானியர் வெர்டே பள்ளத்தாக்குக்கு வந்து சென்றார். அதன் பின்னரும் ஏறத்தாழ 280 ஆண்டுகள் வெளியாரின் குடியேற்றம் எதுவும் இம்மக்களின் நிலத்தைத் தொடவில்லை. 1863 இல் இன்றைய பிரெஸ்கொட் நகருக்கு அருகே பொன் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அரிசோனா தனி ஆள்புலமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரெஸ்கொட் அதன் தலைநகரானது. சுரங்கத் தொழிலாளரும் கால்நடை வளர்ப்போரும் இராணுவமும் வந்து சேர்ந்தார்கள். கற்றாழை விளைந்த சரிவுகளில் மாடுகள் மேய்ந்தன. நீரூற்றுகளுக்கு வேலி வந்தது.

வந்தவர்கள் யவப்பாய் மக்களை 'அப்பாச்சி' என்று அழைத்தார்கள். அப்பாச்சி என்பது முற்றிலும் வேறோர் இனம். அவர்கள் மொழி வேறொரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அயலவர்கள் என்பதாலும், சில இடங்களில் இரு சாராருக்கும் இடையே திருமண உறவு இருந்ததாலும் வெளியாருக்கு வேறுபாடு தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர்கள் முயலவும் இல்லை. அரசாங்கப் பதிவுகளில் 'மொஹாவி-அப்பாச்சி', 'யூமா-அப்பாச்சி' என்று விதவிதமாக எழுதினார்கள்.

ஒரு பெயரைப் பிழையாக எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நாம் கேட்கலாம். வகுப்பு இடாப்பில் என் பெயரின் ஓர் எழுத்து மாறினாலே நான் கோபித்துக்கொள்வேன். ஆனால் அதனால் எனக்கு வேறு ஆபத்து எதுவும் இல்லை. அன்றைய அரிசோனாவிலோ இராணுவம் அப்பாச்சிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அப்பாச்சி என்று பெயரிடப்பட்டவர் எவரும் எதிரியாகவே நடத்தப்பட்டார். அந்த ஒரு சொல் உயிரைப் பறித்தது.

1872 டிசெம்பர் 28 ஆம் திகதி விடியற்காலையில், சோல்ட் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு குகையில் தங்கியிருந்த கெவெவ்கபாயா குடும்பங்களை அமெரிக்கக் குதிரைப்படையினர் சூழ்ந்துகொண்டார்கள். ஜெனரல் ஜோர்ஜ் குரூக் நடத்திய போர் நடவடிக்கையின் ஒரு பகுதி அது. உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்தார்கள். படையினர் குகையின் கூரையை நோக்கிச் சுட்டார்கள். பாறையில் பட்டுத் தெறித்த குண்டுகள் உள்ளே பதுங்கியிருந்தவர்கள் மேல் பாய்ந்தன. மேலிருந்து பாறாங்கற்களும் உருட்டிவிடப்பட்டன. ஆண், பெண், பிள்ளைகள் என எழுபதுக்கு மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். அடக்கம் செய்ய ஆளின்றி உடல்கள் குகையிலேயே கிடந்ததால், பிற்காலத்தில் அந்த இடத்துக்கு 'எலும்புக்கூட்டுக் குகை' என்று பெயர் வந்தது.

அந்தத் தாக்குதலுக்குச் சில நாட்களுக்கு முன் ஹூமொத்யா என்ற யவப்பாய்ச் சிறுவன் படையினரிடம் பிடிபட்டிருந்தான். குகையில் இறந்தவர்களுள் அவனுடைய நெருங்கிய உறவினரும் இருந்தனர். அவனை வளர்த்த கப்டன் ஜேம்ஸ் பர்ன்ஸின் பெயரைத் தழுவி அவன் மைக் பர்ன்ஸ் ஆனான். முதுமையில் அவர் தன் வாழ்க்கையையும் தன் மக்களின் கதையையும் ஆங்கிலத்தில் எழுதினார். 1934 இல் அவர் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாக வெளிவந்ததோ இந்த நூற்றாண்டில்தான்.

முதலாவது நடை

போர் ஓய்ந்த பின் யவப்பாய் மக்களையும் அயலிலிருந்த டொன்டோ அப்பாச்சி மக்களையும் வெர்டே ஆற்றங்கரையில், கேம்ப் வெர்டே முகாமுக்கு அருகே ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியேற்றினார்கள். ஏராளமானோர் நோயால் இறந்தார்கள். எஞ்சியவர்கள் மனம் தளரவில்லை. இராணுவம் கழித்துவிட்ட பழைய கருவிகளையும் கூர்மையாக்கிய தடிகளையும் கொண்டு நிலத்தைத் தோண்டி, தாங்கள் பின்னிய கூடைகளிலேயே மண்ணை அள்ளிச் சுமந்து, பல மைல் நீளமான நீர்ப்பாசன வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். பயிர் நன்றாக விளைந்தது.

துயரம் என்னவென்றால், அந்த விளைச்சலே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. ஒதுக்கப்பட்ட நிலங்களில் இருந்த மக்களுக்கு உணவு வழங்கும் ஒப்பந்தக்காரர்கள் அரசாங்கப் பணத்தில் செல்வம் சேர்த்து வந்தார்கள். மக்கள் தாங்களே விளைவித்து உண்டால் ஒப்பந்தத்துக்கு இடமேது? அவர்களுடைய செல்வாக்கும் சேர்ந்து, எல்லோரையும் தென்கிழக்கேயுள்ள சான் கார்லோஸ் என்ற இடத்துக்கு மாற்றும்படி வொஷிங்டனிலிருந்து கட்டளை வந்தது.

1875 பெப்ரவரி 27. மலைகளில் பனியும் ஆறுகளில் வெள்ளமும் இருந்த குளிர்காலம். ஏறத்தாழ 1,400 பேர் நடக்கத் தொடங்கினார்கள். வண்டிப் பாதையால் சுற்றிப் போகாமல் மலைகளைக் குறுக்கே கடக்கும் வழியில் அவர்களைக் கொண்டுசென்றார்கள். தூரம் 180 மைல். உணவு போதவில்லை. பெருக்கெடுத்த ஆறுகளைக் கடந்தபோது சிலரை நீர் அடித்துச் சென்றது. வழியில் பிள்ளைகள் பிறந்தன, முதியவர்கள் விழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் சான் கார்லோஸைக் காணவே இல்லை.

அவர்களுடன் சென்ற இராணுவ வைத்தியர் வில்லியம் கோர்பியூசியர் ஒரு காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். நடக்க முடியாத தன் முதிய மனைவியை ஒரு முதியவர் சுமைக் கூடையில் அமர்த்தி, அவளுடைய கால்கள் வெளியே தொங்க, ஏறக்குறைய வழி முழுவதும் தன் முதுகிலேயே சுமந்து சென்றாராம். கற்றாழையும் விறகும் சுமக்கப் பின்னிய கூடை அது. இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீண்டும் திறக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

சான் கார்லோஸில் அவர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார்கள். ஒரு தலைமுறையே அங்கு பிறந்து வளர்ந்தது. ஆனாலும் வெர்டே ஆற்றை அவர்கள் மறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அனுமதி கிடைக்கக் கிடைக்கச் சிறு சிறு குழுக்களாகத் திரும்பி நடந்தார்கள்.

முப்பது டொலர் பிள்ளை

இனி ஒரு தனி மனிதரின் கதை. 1871 இல் வஸாஜா என்ற, ஐந்து வயது மதிக்கத்தக்க யவப்பாய்ச் சிறுவனை அயலினத்தவரான பீமா மக்கள் ஒரு தாக்குதலின்போது பிடித்துச் சென்றார்கள். கார்லோ ஜென்டிலே என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் அவனை 30 டொலருக்கு வாங்கினார். அவன் பெயர் கார்லோஸ் மொண்டசூமா என மாற்றப்பட்டது. மகனைத் தேடிப் புறப்பட்ட தாய் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் செய்தி அவனுக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகளின் பின்னரே.

அந்தச் சிறுவன் சிக்காகோவில் படித்தான். 1884 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1889 இல் வைத்தியரானான். அமெரிக்கப் பழங்குடியினரில் வைத்தியப் பட்டம் பெற்ற முதற் சிலருள் அவரும் ஒருவர். அவரையும் உலகம் 'அப்பாச்சி' என்றே அழைத்தது. தன் சொந்த மக்களைத் தேடி அவர் அரிசோனாவுக்குத் திரும்பியது 1901 இல். அங்கே தன் இரத்த உறவுகளைக் கண்டார்.

1903 இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், வெர்டே ஆற்றங்கரையிலிருந்த பழைய இராணுவ முகாமான போர்ட் மக்டொவலைச் சூழ்ந்த ஏறத்தாழ 24,000 ஏக்கர் நிலத்தை யவப்பாய் மக்களுக்கு ஒதுக்கினார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்களை அங்கிருந்தும் அகற்றும் முயற்சி தொடங்கியது. அண்மையில் வளர்ந்துவந்த பீனிக்ஸ் நகரத்தின் பார்வை ஆற்று நீரின் மேல் விழுந்திருந்தது. வைத்தியர் மொண்டசூமா சிக்காகோவில் இருந்துகொண்டே தன் உறவினருக்காகக் கடிதங்கள் எழுதினார். வொஷிங்டனுக்குச் சென்று வாதாடினார். 1916 முதல் தன் இயற்பெயரான 'வஸாஜா' என்பதையே தலைப்பாகக் கொண்டு ஒரு பத்திரிகையை நடத்தினார். மக்கள் அந்த நிலத்திலேயே நிலைத்தார்கள்.

காசநோய் முற்றியதும் அவர் சிக்காகோவை விட்டு போர்ட் மக்டொவலுக்கு வந்தார். தன் மூதாதையர் கட்டியதைப் போன்ற ஒரு குடிசையில் படுத்திருந்து, 1923 ஜனவரி 31 அன்று காலமானார். அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்த 1920களில்தான் யவப்பாய் மக்கள் எலும்புக்கூட்டுக் குகைக்கு ஏறிச் சென்று, ஐம்பது ஆண்டுகளாகக் கிடந்த தம்மவரின் எலும்புகளைச் சேகரித்து வந்து போர்ட் மக்டொவல் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

வாக்குச் சீட்டு

அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் 1924 இல் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் அரிசோனாவில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. 'பிறருடைய பாதுகாவலில் உள்ளவர்கள்' என்று சொல்லி, சித்த சுவாதீனம் இழந்தோருக்கு விதிக்கப்பட்ட தடையின் கீழ் அவர்களையும் சேர்த்து வைத்திருந்தார்கள். போர்ட் மக்டொவலைச் சேர்ந்த பிராங்க் ஹரிசன் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகப் பணியாற்றித் திரும்பியவர். 1947 இல் அவரும் ஹரி ஒஸ்டினும் வாக்காளராகப் பதியச் சென்றபோது மறுக்கப்பட்டார்கள். இருவரும் நீதிமன்றம் சென்றார்கள். 1948 ஜூலையில் அரிசோனா மாநில உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் எல்லாப் பழங்குடியினருக்கும் அதனால் வாக்குரிமை கிடைத்தது. ஒரு சிறு சமூகத்தின் இருவர் திறந்த கதவு அது.

அதே காலத்தில் பிரெஸ்கொட்டில் வேறொரு யவப்பாய்ச் சமூகம் வளர்ந்துகொண்டிருந்தது. 1935 இல் அவர்களுக்குக் கிடைத்த நிலம் வெறும் 75 ஏக்கர். தலைவர் சாம் ஜிமுல்லா 1940 இல் காலமானதும் அவருடைய மனைவி வயோலா ஜிமுல்லா தலைமையை ஏற்றார். கூடை பின்னுவதில் பெயர் பெற்றவர் அவர். 1966 இல் காலமாகும் வரை அவரே தலைவி. அவருக்குப் பின் அவருடைய மகள் கிரேஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

இரண்டாவது நடை

இப்போது ஓர்ம் அணைக்கு வருவோம். கொலராடோ ஆற்று நீரை அரிசோனாவின் நடுப்பகுதிக்குக் கொண்டுவரும் பெருந்திட்டத்துக்கு 1968 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி வழங்கியது. அத்திட்டத்தின் ஒரு பகுதியாக, வெர்டேயும் சோல்ட் ஆறும் சங்கமிக்கும் இடத்தில் ஓர் அணை கட்டத் தீர்மானித்தார்கள். கட்டியிருந்தால் போர்ட் மக்டொவல் நிலத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். வீடுகள், வயல்கள், ஆற்றங்கரை மரங்கள் எல்லாம் போயிருக்கும். எவ்வளவு போராடித் திரும்பி வந்த நிலம் அது!

அரசாங்கம் இழப்பீடாக மூன்று கோடி டொலருக்கும் அதிகமான பணத்தை முன்வைத்தது. அச்சமூகத்தில் பலர் வறுமையில் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1976 இல் அவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நிலத்தை விற்கலாம் என்றோர் 57 பேர். விற்கக் கூடாது என்றோர் 144 பேர்.

அந்த 57 பேரைப் பற்றியும் நான் யோசித்தேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், கடன் இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த 144 பேர், தாங்கள் ஒருபோதும் பார்த்திராத அளவு பணத்தை வேண்டாமென்றார்கள்.

விடயம் அத்தோடு முடியவில்லை. 1978 முதல் 1980 வரை பீனிக்ஸ் நகரைப் பெருவெள்ளங்கள் தாக்கின. அணையை உடனே கட்ட வேண்டுமென்ற குரல் பலமடங்காயிற்று. யவப்பாய் மக்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அயல் நகரில் வாழ்ந்த கரோலினா பட்லர் என்ற இல்லத்தரசி அவர்களுக்குத் துணை நின்றார். வெர்டே கரையில் கூடு கட்டும் வெண்தலைக் கழுகுகளுக்காகச் சூழல் ஆர்வலர்களும் குரல் கொடுத்தார்கள்.

1981 செப்டெம்பரில் யவப்பாய் மக்கள் மீண்டும் நடந்தார்கள். முதியவர்களும் இளையவர்களுமாக, மூன்று நாட்கள், முப்பது மைலுக்கு மேல், போர்ட் மக்டொவலிலிருந்து பீனிக்ஸிலுள்ள மாநில அரசாங்கத் தலைமையகம் வரை. 1875 இல் துப்பாக்கிகளின் நடுவே தங்கள் நிலத்தை விட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இம்முறை அந்த நிலத்துக்காகத் தாமாகவே நடந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஓர்ம் அணைத் திட்டம் கைவிடப்பட்டதாக அமெரிக்க உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் வொட் அறிவித்தார். வேறு இடங்களில் ஏற்கெனவே இருந்த அணைகளைப் பெரிதாக்குவதே மாற்று வழியாயிற்று. அதாவது, வேறு வழி எப்போதும் இருந்திருக்கிறது.

இன்று

இன்று யவப்பாய் மக்கள் போர்ட் மக்டொவல், பிரெஸ்கொட், கேம்ப் வெர்டே ஆகிய மூன்று இடங்களில் வாழ்கிறார்கள். கேம்ப் வெர்டேயில் அவர்களும் அப்பாச்சி மக்களும் 'யவப்பாய்-அப்பாச்சி நேஷன்' என்ற ஒரே சமூகமாக இருக்கிறார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாத இறுதியில் 1875 ஆம் ஆண்டின் நடை நினைவுகூரப்படுகிறது. போர்ட் மக்டொவலில் ஒவ்வொரு நவம்பரிலும் ஓர்ம் அணை வெற்றி விழா நடைபெறுகிறது. யவப்பாய் மொழியைச் சரளமாகப் பேசுவோர் இப்போது மிகச் சிலரே. சிறுவர்களுக்கு அதனைக் கற்பிக்க முயற்சிகள் நடக்கின்றன.

ஒரு விடயத்தை எழுதுவதா விடுவதா என்று நீண்ட நேரம் யோசித்தேன். 1992 மே மாதத்தில் மத்திய அரசின் அதிகாரிகள் போர்ட் மக்டொவலிலிருந்த சூதாட்ட நிலையத்தின் இயந்திரங்களைப் பறிமுதல் செய்ய வந்தார்கள். மக்கள் தங்கள் வாகனங்களைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி லொறிகளை மறித்தார்கள். தங்கள் நிலத்தில் எதை நடத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கே என்பது அவர்கள் வாதம். முடிவில் மாநில ஆளுநர் அவர்களோடு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. சூதாட்டம் நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆயினும் இதை மறைத்துவிட்டு எழுதினால், எனக்குப் பிடித்தமான வேறொரு மக்களைத்தான் நான் எழுதியவளாவேன். வெளியார் தமக்கு வசதியானபடி அவர்களை எழுதியதுதானே இந்தக் கதையின் தொடக்கமே.

1970களில் மைக் ஹரிசன், ஜோன் வில்லியம்ஸ் என்ற இரு போர்ட் மக்டொவல் முதியவர்கள், சிக்ரிட் கேரா என்ற மானிடவியலாளரிடம் தங்கள் மக்களின் வரலாற்றைத் தாமே சொல்லிப் பதியச் செய்தார்கள். எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது பிழை, உண்மை எழுதப்பட வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அந்தப் பதிவுகள் பல ஆண்டுகள் கழித்து நூலாயின. அணைக்கு எதிரான நடை எவ்வளவு முக்கியமோ, இந்த இருவரும் அமர்ந்து பேசியதும் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புத் தோழியரே, உங்கள் வீடுகளிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கிருந்து எங்கே நடந்தார்கள், எதை வேண்டாமென்றார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள். பெயரையே பிழையாக எழுதக்கூடும்.

என் ஒப்படையின் அட்டவணையில் ஓர்ம் அணைக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். 'கட்டிய ஆண்டு' என்ற நிரலில் 'கட்டப்படவில்லை' என்று எழுதினேன். 'பயன்' என்ற நிரலை வெறுமையாக விட மனம் வரவில்லை. அங்கே இப்படி எழுதினேன்: 'வெர்டே ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் கரையில் யவப்பாய் மக்கள் இருக்கிறார்கள்.'